சந்தனம் துடைக்காத கடிகாரம்

மர்பி டவுன், பெங்களூரு
6 அக்டோபர் 2025

அன்புள்ள அனுஷாவுக்கு மாமாவின் ஆசீர்வாதம்.

நான் சொன்னேனா இல்லையா? நம் வீட்டுப் பாக்கெட் கடிகாரத்தைப் பார்த்து ஒருநாள் பம்பாய்க்காரனே வாயைப் பிளப்பான் என்று நீ ஏழாவது படிக்கும்போதே சொன்னேன். உன் அம்மா மங்களம் அன்றைக்குச் சிரித்தாள். இப்போது நான் அனுப்பிய போட்டோவை உன் சிநேகிதி வேலை பார்க்கும் ஏலக் கம்பெனியில் காட்டினாயாம், அவர்கள் இதற்கு வரலாறு கேட்கிறார்களாம். போனில் சொன்னால் நீ பாதியில் "மீட்டிங் மாமா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

இது உன் தாத்தா அர்ஜுனனுக்கு ஒரு கர்னல் துரை கொடுத்தது. துரை குதிரையோடு அல்சூர் ஏரியில் விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு வார்டு பாய் டியூட்டிக்குப் போய்க்கொண்டிருந்த அப்பா யூனிபாரத்தோடு குதித்து, குதிரையையும் துரையையும் ஒரே கையால் இழுத்துப் போட்டார். மறு கையில் டிபன் கேரியர் இருந்தது.

பன்னிரண்டு கீழேயும் ஆறு மேலேயும் இருக்கிறதே என்று கேட்டாய். துரை இடதுகைக்காரர், அவருக்கென்று லண்டனில் தனியாகச் செய்தது. உலகத்தில் இரண்டுதான். இன்னொன்று ராணியிடம் இருந்தது.

போன வாரம் ஆயுத பூஜைக்கு என் ஸ்பேனர்களோடு அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். கடிகாரத்துக்குப் பூசின சந்தனத்தை மட்டும் துடைக்கக் கூடாது என்பது அப்பா போட்ட சட்டம். அதனால் பின்மூடி இட்லி மாதிரி உப்பியிருக்கிறது. விலை முக்கியமில்லை. காலமெல்லாம் அவரை "வார்டு பாய்" என்றே கூப்பிட்டார்கள், பெயர் சொல்லி ஒருவரும் கூப்பிட்டதில்லை. எங்கேயாவது ஒரு புத்தகத்தில் "அர்ஜுனனின் கடிகாரம்" என்று அச்சில் வரவேண்டும். அது போதும்.

உன் தாய்மாமன்,
வெங்கடசாமி


மும்பை
13 அக்டோபர் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். யசோதா அத்தைக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? நீங்கள் காகிதத்தில் எழுதியதால் நானும் காகிதம் தேடினேன், ஆபீஸ் பிரிண்டரில் உருவியதுதான் இது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள், இது பாக்கெட் கடிகாரமே இல்லையாம். நர்ஸ்கள் மார்பில் குத்திக்கொள்வது. தொங்கும்போது குனிந்து பார்த்தால் நேராகத் தெரியவேண்டும் என்றுதான் பன்னிரண்டைக் கீழே வைத்திருக்கிறார்கள். கர்னல் ஏன் மாமா அதைக் குத்திக்கொண்டு குதிரை ஓட்டினார்?

கூடு வெள்ளி, நல்ல விலை போகும் என்கிறார்கள். ஆனால் பின்மூடியில் ஏதாவது பொறித்திருக்கும், அதைப் பார்க்காமல் மதிப்புச் சொல்ல முடியாதாம். சந்தனத்தை எடுத்துவிட்டுப் படம் அனுப்புங்கள்.

சந்தாபுராவுக்கு போன் பண்ணி அம்மாவிடம் கேட்டேன். "உங்க மாமா வாயிலேந்து குதிரைதானே வந்திருக்கு, யானை இன்னும் உள்ளே இருக்கும் பாரு" என்றாள்.

அன்புடன்,
அனுஷா


மர்பி டவுன்
20 அக்டோபர் 2025

அன்புள்ள அனுஷாவுக்கு,

நர்ஸ் கடிகாரம் என்று எனக்குத் தெரியாதா? பம்பாய்க்காரனுக்குத் தெரிகிறதா என்று பார்த்தேன். பாஸாகிவிட்டான்.

அல்சூரில் கஸ்தூரிரங்கன் வாட்சுக் கடைக்கு எடுத்துப்போனேன். அவன் மூக்கின்மேல் கண்ணாடியை இறக்கி, "ஏன் சாமி, வாட்சுக்கு அபிஷேகம் பண்ணிட்டிருந்தீங்களா?" என்று கேட்டான். ஏதோ எண்ணெய் விட்டு ஊறவைத்து, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்தான். இங்கிலீஷ் எழுத்து எழும்பி வந்தது. அவனே படித்துச் சொன்னான்: "கேத்தரினுக்கு, நர்ஸ் ஆன நாளில், அப்பா, 1949." படம் இத்துடன் வைத்திருக்கிறேன்.

எத்தனையோ ஆயுத பூஜைக்கு இதன்மேல் சந்தனம் வைத்த கை இது. அடியில் ஒரு பெண்பிள்ளை பெயர் இருந்திருக்கிறது. வீட்டில் வந்து சொன்னால் உன் அத்தை, "யாருங்க அந்தக் கேத்தரின்?" என்று என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ராத்திரி தோசைகூடக் கருகித்தான் வந்தது.

அப்புறம் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. கேத்தரின் என்கிற அம்மாள்தான் அப்பாவின் வார்டில் சிஸ்டர், அதாவது தலைமை நர்ஸ். அவருக்கு ஒரு பெரிய காய்ச்சல் வந்து எல்லோரும் ஓடிவிட்டபோது அப்பாதான் அவரைக் கவனித்துக்கொண்டார். சீமைக்குக் கிளம்புகிற அன்று அப்பாவைக் கூப்பிட்டு, "அர்ஜுனன், இது உனக்கு" என்று கையில் வைத்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார், கவனி. அப்பாவே என்னிடம் சொன்னது. கர்னல் வேறு யாருமில்லை, அந்த அம்மாவின் வீட்டுக்காரர். குதிரையும் அவர்களுடையதுதான்.

உன் மாமா,
வெங்கடசாமி


மும்பை
28 அக்டோபர் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நர்ஸ் ஆன நாளில் தன் அப்பா கொடுத்த பொருளை ஒரு பெண் இன்னொருவருக்குக் கொடுப்பாளா? கொடுத்தும் இருக்கலாம். தாத்தா கைக்கு அது எப்படி வந்தது என்று கேட்கவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, கேட்காமலும் இருக்க முடியவில்லை.

பெயர் பொறித்திருப்பதால் மதிப்புக் கூடுகிறதாம். ஏலப் புத்தகத்தில் தாத்தா பெயரைப் போடவும் சம்மதித்துவிட்டார்கள். "கேத்தரின், பிறகு அர்ஜுனன், பெங்களூரு." நீங்கள் ஆசைப்பட்டதுபோலவே அச்சில் வரும். ஆனால் எப்படிக் கைமாறியது என்று குடும்பத்தில் ஒருவர் கையெழுத்துப் போடவேண்டும். நான்தான் பேசினேன் என்பதால் நான் போடுகிறேன்.

குதிரை வேண்டாம் மாமா. கர்னலும் வேண்டாம். கேத்தரின் கொடுத்ததாகத் தாத்தா உங்களிடம் சொன்னார் என்ற ஒரு வரியை மட்டும் எழுதி, கீழே உங்கள் கையெழுத்தைப் போட்டு அனுப்புங்கள். அதை நம்பி நான் என் பெயரைப் போட்டுவிடுவேன்.

அன்புடன்,
அனுஷா


மர்பி டவுன்
9 நவம்பர் 2025

அன்புள்ள அனுஷாவுக்கு,

ஒரு வரிதானே, யசோதா காபி கலப்பதற்குள் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். காபி ஆடை கட்டிவிட்டது. நான் எழுதி நீ பார்க்காத கதையா? பேனா என்னிடம் இப்படி நடந்துகொண்டதே இல்லை.

ஒன்று மட்டும் நிஜமாகவே ஞாபகம் வந்தது. ஆயுத பூஜையில் அப்பா கத்தி, கத்தரிக்கோல், சைக்கிள் எல்லாவற்றுக்கும் ஒரு பொட்டு வைப்பார். கடிகாரத்துக்கு மட்டும் பின்மூடி முழுக்க உள்ளங்கையால் பூசுவார். ஏன் என்று கேட்டால், "சும்மா இருடா" என்பார். அது மரியாதையா, மறைப்பா? சந்தனம் இருந்தவரை எனக்கு இந்தக் குழப்பமே இல்லை. சந்தாபுராவுக்குப் போய் உன் அம்மாவிடம் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாகப் போய்விட்டது.

கடிகாரத்தை அரிசி டப்பாவில் வைத்திருக்கிறேன். அச்சில் பெயர் வராவிட்டால் போகிறது. கம்பெனிக்காரனிடம், கிழவன் விலை படியவில்லை என்கிறான் என்று சொல்லிவிடு. பழி என்மேல் இருக்கட்டும். நீ எதிலும் கையெழுத்துப் போடாதே.

கர்னல் உண்டு. குதிரையும் உண்டு, அதை யார் வந்து கேட்டாலும் சொல்வேன். கேத்தரின் அம்மாள் கொடுத்தார் என்று அப்பா என்னிடம் சொன்னதாக எழுதினேனே, அது மட்டும் நான் சேர்த்தது. அவர் ஒன்றுமே சொல்லவில்லை, அனு.

மாமா