சுருதி இறக்கிய பொங்கல் பாட்டு

மார்கழி 26

கடும் பனி. கோட்டை மலையே தெரியவில்லை. வெந்நீரில் தொண்டை கொப்பளித்தேன். கழுத்து ஆபரேஷனுக்குப் பிறகு மேல் ஸ்தாயி போனது போனதுதான். அதனால் எல்லாருக்கும் பிடித்த அந்தப் பழைய பொங்கல் பாட்டைச் சுருதி இறக்கி, மெதுவாக, மேளமில்லாமல் பாடி நேற்று யூடியூபில் போட்டேன். கச்சேரிக்குக் கூப்பிட நம்பரும் கீழே.

சவுண்டு செட் ஏழுமலை அண்ணன் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். சிங்கவரம் காணும் பொங்கல் மேடை அவர் பொறுப்பு. கிடைத்தால் திரும்பவும் பாடகி. இல்லையென்றால் தையல் மிஷின்தான் கதி.

வாங்க: வெல்லம், மஞ்சள் கொத்து, கோலமாவு.

மார்கழி 27

வந்த கமெண்டுகள்.

"பொங்கல் பாட்டா, ஒப்பாரியா?"

"பழைய பாட்டுதான் கெத்துன்றவங்க லைக் போடுங்க." லைக் குவிகிறது, என் பாட்டுக்குக் கீழேயே.

"என் சேனலையும் பாருங்க சிஸ்டர்." திட்டாதவர் இவர் ஒருத்தர்தான்.

பஜாரில் மளிகைக்கடைக்காரர்: "இன்னாக்கா, பாட்டு இழுத்துக்கினே போவுது? பால் பொங்கறதுக்குள்ள அடுப்பே அணைஞ்சிடும் போல!" கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். வெல்லம் வாங்க மறந்துவிட்டேன்.

வீட்டுக்காரர், "நல்லாத்தான் இருக்குது" என்றார். டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

போகி

கிழிந்த பாய், தேய்ந்த துடைப்பம் எரித்தோம். ஏழுமலை அண்ணன் போன்.

"தப்பா நெனைக்காத தங்கச்சி. ஜனங்க ஆட வருது. உன் பாட்டப் போட்டா அப்படியே உக்காந்துடும். செட்ல பழசையே போட்டுக்கிறேன்."

"சரிண்ணா" என்றேன். ஏன் சரி என்றேன்? அழுகை வந்தது. புகை என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

போகியில் வேண்டாததைக் கழிக்க வேண்டும். பாட்டை யூடியூபிலிருந்து எடுத்தேன். போனில் இருந்ததையும் அழித்தேன்.

தை 1

பால் கிழக்கே பொங்கி வழிந்தது. நல்லதாம். தெருமுனை ஸ்பீக்கரில் அதே பாட்டு, பழைய குரலில். பாழாய்ப் போனது, எவ்வளவு நன்றாக இருக்கிறது! கூடவே முணுமுணுத்தேன். மேலே போகும் இடத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

மாட்டுப் பொங்கல்

நல்ல வெயில். மதியம் தெரியாத நம்பர். பனமலையிலிருந்து ஒரு பெண்.

"அக்கா, உங்க பாட்டு இன்னா ஆச்சு? காணோமே. நம்பர அன்னிக்கே குறிச்சி வெச்சிக்கினேன்."

ஏன் கேட்கிறாய் என்றேன்.

"ஐப்பசில எங்க வூட்டுக்காரு பூட்டாருக்கா. இந்த வருசம் எங்களுக்குப் பொங்கல் இல்ல. அது அவருக்குப் புடிச்ச பாட்டு. ஸ்பீக்கர்ல போட்டா காதப் பொத்திக்கிறேன். நீங்க பாடுனதுதான் கேக்க முடிஞ்சுது."

அழித்துவிட்டேன் என்றேன். வேறெங்கும் இல்லை என்றும் சொன்னேன்.

அவள் ஊர் ஸ்பீக்கர் மட்டும் போனில் அலறியது. அதே பாட்டு.

"அப்ப போன்லயே ரெண்டு வரி பாடுங்கக்கா."

தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினேன்.

"கொஞ்சம் சத்தமா பாடுங்கக்கா, கேக்கல" என்றாள்.

அதற்கு மேல் என்னிடம் சத்தம் இல்லை.