மாடியில் கேட்ட சிரிப்பு

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் சுகமாக இருப்பீர்கள். இங்கே நானும் சுகமென்று எழுதினால் பொய்.

இவர் ஒரு மாதமாகச் சரியில்லை. நீ தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவாயே, அந்த உத்தமர்தான். டைல்ஸ் ஒட்டிவிட்டு வந்தால் அப்படியே சாய்கிற மனுஷன், இப்போது குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, "இதோ வந்துடறேன்" என்று மாடிக்குப் போகிறார். மாடியில் யார்? புதிதாகக் குடிவந்திருக்கும் வெளிநாட்டுக்காரி. தனியாள். நம் பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது. இவருக்கோ நம் பாஷையை விட்டால் வேறு கிடையாது. பேச்சே இல்லாமல் ஒரு மணி நேரம் அங்கே என்ன வேலை, சொல்லு? கேட்டால் "குழாய் ரிப்பேர்" என்கிறார். அப்படி என்ன குழாயோ, தினமும் ஒழுகுகிறது!

சட்டைக் கையில் வெள்ளைப் பொடி வேறு. சிமெண்டுக்கும் பவுடருக்கும் வித்தியாசம் தெரியாதவளா நான்? அதைவிட, மேலேயிருந்து இவர் சிரிக்கும் சத்தம். வாய்விட்டுச் சிரிக்கிறார், அக்கா. துணிமணியை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கே வந்துவிடலாமென்று இருந்தேன்.

நேற்று பொறுக்க முடியாமல் மேலே போய்க் கதவைத் தள்ளினேன். சுவரில் கரும்பலகை. அவள் ஒரு காகிதத்தை மூன்றாக மடித்து, குறுக்கே இரண்டாக மடித்து, விரித்துக் காட்டுகிறாள். ஆறு கட்டம். இவர் பாதியையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி, ஆறில் ஐந்து என்று பலகையில் எழுதிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டுகிறார். கை முழுக்கச் சாக்பீஸ் பொடி.

மேஸ்திரி வேலைக்குப் பரீட்சையாம். அவள் தன் ஊரில் கணக்கு டீச்சர் என்று வீட்டு ஓனர் சொன்னாராம். இவர் போய்ப் புத்தகத்தை நீட்டியிருக்கிறார்.

எனக்கு மூச்சு வந்தது. ஆனாலும் விடுவேனா? கீழே வந்ததும், "என்கிட்ட கேட்டா என்னவாம்? நான் பள்ளிக்கூடம் முடிச்சவதானே?" என்று பிடித்துக்கொண்டேன். அதற்கு அவர், "உன்கிட்டதான் முதல்ல கேட்டேன். இதுகூடத் தெரியாதான்னு சிரிச்சே. அந்தம்மாவுக்கு அப்படிக் கேக்கப் பாஷை தெரியாது" என்றார்.

நான் அப்படிச் சொன்னேனா? சத்தியமாக எனக்கு ஞாபகமில்லை. ஆனால் ராத்திரி சாப்பிடாமலே படுத்துவிட்டேன்.

சந்தேகம் முழுசாகப் போய்விட்டதா என்று கேட்காதே. காகிதம் மடித்ததற்கா அத்தனை சிரிப்பு? என்னோடு ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை.

வரும் வாரம் பரீட்சை. அவர் பாஸாக வேண்டுமென்று வேண்டிக்கொள். பாஸானதும் படியேறி மேலே போகாமல், முதலில் என்னிடம் வந்து சொல்ல வேண்டுமென்றும் வேண்டிக்கொள், அக்கா.

இப்படிக்கு,
உன் அசட்டுத் தங்கை