பிரட்டு இல்லாத நாளின் மழை

ஏப்ரல் 22, செவ்வாய்

எனக்கு எழுத்து வராது. பேசினால் இந்தப் போனே எழுதிக்கொள்கிறது.

மகள் கலைச்செல்வி தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இரண்டு வருசமாக பங்க்ஷனல் புரோகிராமிங் என்று ஒரு கம்ப்யூட்டர் பாடம் படிக்கிறாள். சின்னச் சின்னப் பயிற்சி செய்து மண்டையில் ஏறவில்லையாம். பெரிதாக ஒன்றைக் கட்டினால்தான் ஏறும் என்று மழைக் கணக்கை எடுத்திருக்கிறாள். ஆபீசின் மழைப் புத்தகம் முழுவதும் இப்போது கம்ப்யூட்டருக்குள். மழை மிஞ்சினால் மலையடி லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்களை எழும்பிப் போகச் சொல்ல வேண்டும் அது.

உள்ளே ஒரே பெரிய யந்திரம் இல்லையாம். சின்னச் சின்ன வேலைகள். ஒன்று தன் வேலையை முடித்து அடுத்ததன் கையில் கொடுக்கும். அதே மழையைக் கொடுத்தால் அதே பதில்தான், யார் கொடுத்தாலும். கங்காணிகூட முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வார். இது முகம் பார்க்காது.

மே 5, திங்கள்

எழும்பிப் போகச் சொல்லி மகளின் கம்ப்யூட்டர் காலையில் கத்திவிட்டது. பதினாலு குடும்பம் பாய், பானையோடு பள்ளிக்கூடம் போனது. பகல் முழுக்க வெயில். ஒரு கல்லும் உருளவில்லை. அந்த லயத்துத் தலைவர் இந்திரகுமார் எல்லார் முன்னாலும், "டீச்சர், ஒங்க மெசினுக்கு ஒரு நாள் லீவு குடுங்களேன்" என்றார். சிரித்தார்கள்.

இனி அது கூப்பிட்டால் யார் எழும்புவார்கள்?

மே 6

அவள் சாப்பிடவில்லை.

மே 8, வியாழன்

இருபத்தைந்து வருசப் பழைய மழையைக் கொடுத்துப் பார்த்து, அது பொய்யாகக் கத்திய தேதிகளை வாசித்தாள். நான் ஒவ்வொன்றுக்கும் கிழமை சொன்னேன். திங்கள். திங்கள். போயா பௌர்ணமி லீவுக்கு மறுநாள். திங்கள். நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

முப்பது வருசம் ஆபீஸ் மழைப் போத்தலை அளந்தவன் நான். கோடுகளை எண்ணி, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பிரட்டுக்கு ஆள் கூடும்போது கிளாக்கர் ஐயாவிடம் வாயால் சொல்வேன்; அவர் புத்தகத்தில் எழுதுவார். பிரட்டு இல்லாத நாள் யார் அளந்தது, இப்போதுதான் யார் அளக்கிறார்கள்? ஞாயிற்றுத் தண்ணீரும் சேர்ந்துதான் திங்கள் போத்தலில் கிடக்கும். கம்ப்யூட்டர் பாவம், எல்லாம் ஒரு நாள் மழை என்று நினைத்துக் கத்துகிறது.

மே 9

லீவு நாளுக்கும் தண்ணீரைப் பங்கு போட ஒரேயொரு சின்ன வேலையை நடுவில் செருகினாள். மற்ற எதையும் தொடவில்லை. புத்தகத்தில் இருந்ததையும் அழிக்கவில்லை. பழையது அப்படியே இருக்க, பக்கத்தில் புதுக் கணக்கு. நான் ஒரு வாய் வெற்றிலை போடுவதற்குள் இருபத்தைந்து வருச மழையும் திரும்பப் பெய்து ஓய்ந்தது. பொய்த் திங்கள் ஒன்றுகூட இல்லை.

"இவ்வளவு பெருசா கட்டினப்பதான்பா வெளங்குது" என்றாள்.

என் தங்கச்சி வெள்ளையம்மா மலை சரிந்து மண்ணுக்குள் போன வெசாக் பௌர்ணமியைப் பார்க்கச் சொன்னேன். பழைய கணக்கு, அவள் போன மறுநாள் கத்தியிருந்தது. புதுக் கணக்கு, அன்று காலையிலேயே.

ஆனால் — அன்று காலை யாராவது போத்தலைப் பார்த்திருந்தால்தானே? நான் பார்க்கவில்லை. லீவு என்று வெசாக் விளக்குக் கூடு பார்க்கப் போயிருந்தேன்.

மே 11, ஞாயிறு

நானே போய் அளந்தேன். நாற்பத்தொரு கோடு.

மே 13, செவ்வாய்

வெசாக் லீவு. மூன்று நாளாகப் பிரட்டு இல்லை. மூன்று நாளும் அளந்தேன். இன்று காலை கத்திவிட்டது.

இந்திரகுமார் வாசலை விட்டு அசையவில்லை. "திங்கள் முடிஞ்சி செவ்வாயும் புடிச்சிருச்சா?"

"தம்பி, இன்னைக்கு அளந்தது நானு. அன்னைக்கு வெசாக்குக்கு அளக்காததும் நான்தான்."

வெள்ளையம்மாவைத் தோண்டி எடுத்தவர்களில் அவரும் ஒருவர். மலையைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் பாயைச் சுருட்டினார். அவரைப் பார்த்து மற்றவர்களும்.

மே 14

ராத்திரி மலை சரிந்து, மலையடி லயத்தில் கடைசி நாலு காம்பரா வீடும் இல்லை. ஆட்கள் எல்லாரும் இருக்கிறார்கள். எண்ணினேன். திரும்பவும் எண்ணினேன்.

மே 18, ஞாயிறு

போத்தல் காய்ந்து கிடந்தது. சொல்ல ஒன்றுமில்லை என்று சும்மா வந்தேன். கலைச்செல்வி விடவில்லை. அளந்து பார்த்த சைபர் வேறு, அளக்காத நாள் வேறு என்றாள்.

அது எனக்குத் தெரியும்.

சைபர் என்றேன். எழுதிக்கொண்டாள்.