சூடாக இருந்த பானட்

என் அக்கா பெற்ற அருமை மகளுக்கு,

நீ பார்த்து வைத்திருக்கும் வெள்ளை வண்டி வேண்டாம். கம்பாலாவில் ஓடும் எஞ்சின்களில் பாதி என்னைக் கண்டாலே உண்மையைக் கக்கிவிடும், உனக்கே தெரியும்.

நேற்று அதைப் பார்க்கப் போனதும் பானட்டில் கை வைத்தேன். சுட்டது.

"காலையிலேயே எங்கப்பா போயிட்டு வந்துச்சு?"

"எங்கயும் போகல ஸெபோ, வெயில்ல நின்னுச்சு," என்று ஐயா போட்டுப் பணிவாகச் சொன்னான் தரகன் கிகோங்கோ. அப்போது மழை தூறிக்கொண்டிருந்தது.

ஆள் வருமுன் எஞ்சினைச் சூடாக்கி வைத்தால் கோளாறு வெளியே தெரியாது. அதனால் இன்று அவன் பல் விளக்கும் முன்பே போய் நின்றேன். ஆறிக் கிடந்த எஞ்சினைக் கிளப்பச் சொன்னேன். கடகடவென்று தட்டியது, பின்னால் நீலப் புகை. உள்ளே ஆயில் எரிகிறது. புகையில் வழி தெரியாமல் ஒரு போடா போடாக்காரன் தன் வாடகை பைக்கை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனான் என்றால் பார்த்துக்கொள்.

"லேசா சளி, ஓடினா சரியாயிடும்," என்றான்.

"சளின்னா உன் வீட்லயே வச்சுக் கஷாயம் குடு," என்றேன்.

ரத்தம் சுத்தம் செய்ய அக்காவை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி மேட்டில் ஏறும்போது அது நின்றுவிட்டால்... அதை எழுதப் பிடிக்கவில்லை.

நல்ல வண்டியை நானே பிடித்துத் தருகிறேன். அதுவரை என் வாழைக்காய் லாரி இருக்கிறது. அதில் ஏறமாட்டேன் என்று அக்கா சபதம் போட்டிருப்பது தெரியும். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக உங்கள் வாசலில் வந்து நிற்பேன். அவள் ஏறும்வரை எஞ்சினை அணைக்கமாட்டேன்.

இந்த நகரத்தின் முதல்தர ஓட்டுநரான,
உன் மாமன்