அண்ணியைப் பிடிக்கக் கற்றது

ஜூலை 1, செவ்வாய்

மாலை முழுக்க மழை. ஜெலுத்தோங் பக்கம் கார் நகரவில்லை. ஜூடோ வகுப்புக்குத் தாமதம்.

இன்று தரைப் பிடிகள் ஆரம்பம். எதிராளியைப் பாயில் மல்லாக்கக் கிடத்தி, எழவிடாமல் அமுக்குவது. என் எடைக்குப் பெண் ஜோடி இல்லை. மற்றவர்கள் பள்ளிப் பிள்ளைகள், இல்லாவிட்டால் பெரிய ஆண்கள். சுவரோரம் உட்கார்ந்து வேடிக்கை. கோச் மிஸ் லிம் சொன்னது: யாரையாவது கூட்டிக்கொண்டு வா.

யாரை? ஆபீஸில் கேட்டால் எல்லோருக்கும் இடுப்பு வலி.

ராத்திரி பாத்திரம் கழுவும்போது அண்ணியிடம் சும்மா சொல்லிவைத்தேன். ஒரே வீடு. ஆனாலும் எங்கள் பேச்சு "சாப்டியா", "துணி எடுத்தாச்சா" அளவுதான்.

"நானா? என்னைத் தூக்கி எறிஞ்சிருவாங்க லா."

"எறிய மாட்டாங்க அண்ணி. படுக்கப் போட்டு அமுக்குறதுதான்."

சிரித்தார். அடுப்பைத் துடைத்துவிட்டு, "எத்தனை மணிக்கு?"

ஜூலை 3, வியாழன்

அண்ணி வந்துவிட்டார். அண்ணனின் பழைய டி-சர்ட், மேலே கிளப்பின் இரவல் அங்கி. முழங்கால் வரை தொங்கியது.

முதல் பிடி, கேசா கடாமே. பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கையைக் கழுத்தைச் சுற்றிக் கொடுத்து, மறு கையால் அவர் கையை என் அக்குளில் இறுக்க வேண்டும். கீழே இருப்பவரால் முடியாவிட்டால் பாயைத் தட்டுவார். உடனே விட்டுவிட வேண்டும்.

நான் பிடித்த லட்சணம், ஈரத் துணியை விரல் நுனியில் தூக்குவது மாதிரி. மிஸ் லிம் ஹால் முழுக்கக் கேட்க, "பெலுக் லா! ஜாங்கான் மாலு!" கட்டிப்பிடி, வெட்கப்படாதே. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிரிப்பு.

அண்ணியின் முகம் என் தோளுக்கு அடியில். தைல வாசனை. இவ்வளவு கிட்டத்தில் அவரைப் பார்த்ததே இல்லை. புருவத்தில் ஒரு தழும்பு. எப்படி என்று தெரியாது.

தட்டும்போதெல்லாம் "சாரி" என்றார். விடும்போதெல்லாம் நானும் "சாரி".

ஜூலை 8, செவ்வாய்

இன்று தப்பிப்பது. இடுப்பைத் தூக்கி, எதிராளியைத் தன் பக்கம் இழுத்து, மறுபக்கம் புரட்ட வேண்டும். அண்ணி செய்தார். நான் பறந்தேன்! கேன்டீன் வேலையில் தினமும் சோற்றுப் பானை தூக்கும் கை அது. மிஸ் லிம் கைதட்டினார். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார்.

வழியில் ஒரு தட்டு ரொஜாக் வாங்கிப் பகிர்ந்து சாப்பிட்டோம். கடைக்காரர் கச்சான் கடலையைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டார்.

"கல்யாணமான புதுசுல உன்னைப் பார்த்தாதான் எனக்குப் பயம், தெரியுமா?"

"என்னையா?"

"நீ போன்ல இங்கிலீஷ்ல பொரிஞ்சு தள்ளுவ. நான் பைராம் தோட்டத்துப் பொண்ணு. தப்பாப் பேசிட்டா சிரிப்பியோன்னு வாயே திறக்க மாட்டேன்."

நான் அதைத் திமிர் என்று நினைத்திருந்தேன், இத்தனை வருஷம். கடைசித் துண்டு சோத்தோங் கணவாயை அவர் பக்கம் தள்ளினேன்.

வாங்க வேண்டியது: சோப்புத் தூள், முட்டை, கை வலிக்குத் தைலம்.

ஜூலை 10, வியாழன்

கழுத்தைச் சுற்றி இறுக்கினேன். கையில் ஏதோ தட்டுப்பட்டது. தொண்டைக்குப் பக்கத்தில், கொட்டைப் பாக்கு மாதிரி. அண்ணி அவசரமாகத் தட்டினார்.

"என்ன அண்ணி இது?"

"ஒண்ணுமில்ல. பிடி, மிஸ் பாக்குறாங்க."

நான் மறுபடி பிடிக்கவில்லை. வெளியே படிக்கட்டில் உட்கார வைத்துக் கேட்டேன். போன தீபாவளிக்கு முன்பே பார்த்தாராம். யாரிடமும் சொல்லவில்லை.

"எங்கம்மாவுக்கு இப்படித்தான் வந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, திரும்பி வரல. போகாம இருந்தா... இருந்துரலாம்னு."

கோபம் வந்தது. திட்ட வாயெடுத்து, "நாளைக்கு லீவு போடுறேன், கிளினிக் போறோம்" என்றேன்.

நாத்தனார் முடிச்சு போட்ட அன்று தொட்ட கழுத்து. அதன் பிறகு இந்த மாதம்தான்.

ஜூலை 11, வெள்ளி

லீவு. கிளினிக், அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி. ஸ்கேன். ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். ஊசியைக் கண்டதும் அண்ணி என் சட்டைக் கையைப் பற்றினார். நாலு விரலும் துணிக்குள் மடங்கி, மிஸ் லிம் சொல்லிக்கொடுத்த அதே பிடி. நர்ஸ் விலகச் சொன்னார். விலக முடிந்தால்தானே.

"அண்ணன்கிட்ட நான் சொல்லவா?"

"வேணாம். நானே சொல்றேன்."

ஜூலை 13, ஞாயிறு

சொல்லிவிட்டார். அண்ணன் எழுந்து மோட்டார் சைக்கிளைக் கழுவப் போனார். நேற்றுக் கழுவிய மோட்டார். குழாய் ரொம்ப நேரம் ஓடியது. அண்ணி இறங்கிப் போய்ப் பக்கத்தில் நின்றார். நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

முடிவு இன்னும் வரவில்லை. வகுப்பு வேண்டாம் என்றேன்.

"வீட்ல உக்காந்து சுவத்தப் பாக்கவா? வா லா."

மிஸ் லிம்மிடம் விஷயத்தைச் சொன்னேன். கழுத்தைத் தொடாத பிடி ஒன்று காட்டினார். நெஞ்சுக்குக் குறுக்கே படுத்து, இரண்டு கையாலும் அணைப்பது. அண்ணி கீழே, நான் மேலே. தப்பிக்கவே முயலவில்லை அவர். கண்ணை மூடிக்கொண்டார். ஓரத்தில் ஈரம். நான் எழவில்லை. மிஸ் லிம் பார்த்தார், அடுத்த ஜோடிக்குப் போய்விட்டார்.

ஜூலை 22, செவ்வாய்

தைராய்டு. கெட்ட கட்டிதான். ஆனால் மெதுவாக வளர்கிற வகையாம், பரவவில்லையாம். எடுத்துவிடலாம், தினம் மாத்திரை போட்டு நன்றாகவே இருக்கலாம் என்றார் டாக்டர், மலாயில்.

அண்ணிக்கு மலாய் நன்றாகவே தெரியும். இருந்தும் என் பக்கம் திரும்பி, "நீ தமிழ்ல சொல்லு."

சொன்னேன். திரும்பவும் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

காலை ஆபரேஷன். முழுவதும் எடுத்தாகிவிட்டது. அண்ணன் டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார். மத்தியானம் ஷிப்டுக்கு நான்தான் விரட்டினேன்.

கழுத்தில் கட்டு, பக்கத்தில் குழாய். குரல் கரகர. கண் விழித்ததும், "ரொம்ப அசிங்கமா இருக்கா?"

"கட்டுதான் அண்ணி தெரியுது."

"பொய்." தூங்கிவிட்டார்.

வெளியே வெயில். பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரிக்கிறார்கள். என் வலது கை அண்ணியிடம். தூக்கத்திலும் விடவில்லை. இடது கையால் எழுதுகிறேன், எழுத்தெல்லாம் கோணல். நர்ஸ் கீழே போய்ச் சாப்பிட்டு வரச் சொன்னார். அப்புறம் என்றேன்.