படிக்கட்டில் கட்டிய கதை

14.5.1989, ஞாயிறு. கள்ளிக்குப்பம்.

இன்று தீவுக் கலங்கரை விளக்கத்தில் ஏறும்போது, புளுகுக்கே சக்கரவர்த்தியாகிய நான், அக்காள் மகள் ஸ்டெல்லாவைப் பயமுறுத்த ஒரு கதை கட்டினேன். அந்தக் காலத்தில் இங்கே விளக்கேற்றியவரின் மனைவி ரெஜினா, புயலன்று உச்சியிலிருந்து விழுந்தாளாம். இன்னும் ஈரக் காலோடு படியேறுகிறாளாம்.

உச்சியில் இருந்த காவலர், பழைய பதிவேட்டைப் பிரித்து அந்த இடத்தின் வரலாற்றைச் சொன்னார். அதே புயல், அதே சாவு. ரெஜினா என்ற பெயர்கூட மாறவில்லை. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தும் ஸ்டெல்லா தூங்கவில்லை.

"மாமா, நீ சொன்னது டூப்புதானே? அந்தாளும் சும்மாதானே சொன்னாரு?"

"ஆமா கண்ணு, ரெண்டு பேரும் சேந்து டூப்பு உட்டோம்."

பதினாலு லோகமும் நம்பப் புளுகியவன் நான். குரல் நடுங்கிச் சொன்ன பொய் இது ஒன்றுதான். அவள் நம்பித் தூங்கிவிட்டாள். விளக்கை அணைக்க எனக்குத்தான் கை வரவில்லை.