பூச்சியின் விசில்

2001 ஜூலை 9, திங்கள்

பூச்சி, காலையிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை, உன் ஸ்கூல் பாவாடையும்தான். அழுக்கில்லை, சும்மா துவைத்தேன்.

விளக்கு வைத்ததும் வாசலில் நின்று விசில் அடித்தேன். இரண்டு விரல் மடக்கி, பழைய மாதிரியே. லோக்கல் ரயில் போகிற சத்தத்திலும் உனக்குக் கேட்குமே, அதுதான். கோயில் மைதானத்திலிருந்து முதலில் நீ பதில் விசில் கொடுப்பாய், அப்புறம்தான் ஓடி வருவாய். இன்று தவளை மட்டும்.

பக்கத்துச் சாங்வியிலிருந்து உன் அத்தை வந்திருந்தாள். “ஏட்டி, செத்த புள்ளைய விசிலடிச்சுக் கூப்பிடுதியே, அது எப்படிப் போய்ச் சேரும்? பொம்பள விசிலடிச்சா வீடு வெளங்குமா?”

உன் அப்பா ஃபேக்டரி ஷூவைக் கழற்றிக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரம்தான் கழற்றுவார்.

நீ காய்ச்சலில் போய் மாதமாகப் போகிறது. ஞாயிறு மாதக் காரியம். அதற்குள் நிறுத்திவிட வேண்டுமாம். மாட்டேன்.

11, புதன்

வெயில் கொஞ்சம். குக்கர் ரப்பர் போய்விட்டது. மாவு புளிப்பு.

மத்தியானம் டிவியில் டால்பின். இந்தி, பாதி புரிந்தது. கலங்கிய தண்ணீரில் கண்ணை நம்பிப் பிழைக்க முடியாதாம். டிக் டிக்கென்று சத்தம் விடும், அது மீன்மேல் பட்டுத் திரும்பி வருவதைத் தாடையில் வாங்கிக்கொள்ளும். காது வெறும் ஊசித் துளை. நீ பார்த்திருந்தால் நாள் முழுக்கத் தாடையைத் தட்டிக்கொண்டு திரிந்திருப்பாய்.

அப்புறம் சொன்னதைக் கேட்டு அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். குட்டி பிறந்ததும் தாய் ஓயாமல் விசில் அடிக்குமாம், தன் குரல் பழகட்டுமென்று. குட்டியும் கொஞ்ச நாளில் தனக்கென்று ஒரு விசில் உண்டாக்கிக்கொள்ளும், பேர் மாதிரி. பிரிந்து போனால் குட்டியின் விசிலையே தாயும் அடித்துக் கூப்பிடுவதுண்டாம்.

13, வெள்ளி

வாழை இலை, எள், தேங்காய், பூ. அத்தை எழுதச் சொன்னது.

அவள் எதிரிலேயே விசில் அடித்தேன். மறுபடி அதே பேச்சு. டால்பினைச் சொன்னேன்.

“மீனும் நீயும் ஒண்ணாட்டி?”

“மீன் இல்ல, பால் குடுக்குற சாதி. அதுவும் பொம்பளதான். கடல் வெளங்கித்தான இருக்கு, மதினி.”

உன் அப்பா சிரித்துவிட்டார். நீ போனபின் இதுதான் முதல் தடவை. பிறகு மெதுவாக, “ஊதட்டும், விடுக்கா” என்றார். அத்தை டீயைத் தொடாமல் ஆட்டோ பிடித்துப் போனாள்.

15, ஞாயிறு

காரியம் முடிந்தது. இனிமேல் திரும்பிப் பார்க்காமல் போ என்று உனக்குச் சொன்னார்கள். நான் சொல்லவில்லை.

எல்லோரும் இலை முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே வாசலுக்குப் போனேன். இத்தனை நாளும் என் விசிலைத்தான் அடித்திருக்கிறேன். அது என் பேர். இன்று உன்னுடையதை அடித்தேன். சின்னதாக இரண்டு, அப்புறம் நீளமாக ஒன்று. அதுவரை ஞாபகம் வந்தது, முடிவு வரவில்லை. உன் அப்பாவைக் கேட்டேன். அவர் உதட்டைக் குவித்துப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

முடிவை இரண்டு விதமாகவும் அடித்தேன். நாளைக்கும் அடிப்பேன், யார் வந்து உட்கார்ந்திருந்தாலும்.

பூச்சி, அந்த நீளம் கடைசியில் மேலே ஏறுமா, கீழே இறங்குமா?